பிளாஸ்டிக் உறை போட்ட சிறிய பசுமைக்குடில்: எழுப்பும் முறையும் குளிர்காலப் பாதுகாப்பும்

மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் போர்த்தும் பிளாஸ்டிக் உறை, முன்பக்கம் ஜிப் வைத்த கதவு. ஒரே அட்டைப்பெட்டியில் அடங்கிவிடும் இந்தச் சிறிய பசுமைக்குடிலை ஒரு பிற்பகலில் எழுப்பிவிடலாம். குளிர்காலம் முடியும்வரை அதைச் சாயாமல் நிற்க வைப்பதில்தான் பாடு இருக்கிறது.

இந்தக் குடில்களுக்கு முதல் எதிரி காற்று. அதற்குத் தப்பினால் அடுத்தது ஈரம். குளிர் மூன்றாவதுதான். வாங்குகிறவர்களின் கவலையோ பெரும்பாலும் குளிரைப் பற்றியே இருக்கிறது. ஹீட்டருக்குச் செலவழித்துவிட்டு, பெட்டியோடு வந்த நாலு கம்பி முளைகளை நம்பிக் குடிலை நிறுத்துகிறார்கள். முதல் புயலில் சட்டம் வளைந்து, உறை கிழிந்து, ஹீட்டர் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே இங்கே காற்றுக்குத்தான் அதிக இடம்.

கணக்குகள் எல்லாம் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள குடிலுக்கானவை. உங்கள் குடில் பெரிதோ சிறிதோ, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

உறை மூன்று வகையாக வருகிறது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் பி.வி.சி. உறை வெளிச்சத்தை நன்றாக விடும். ஆனால் குளிரில் விறைத்துவிடும்; விறைத்த நேரத்தில் மடித்தாலோ இழுத்தாலோ மடிப்போரத்தில் விரிசல் விழும். சாதாரண பாலித்தீன் உறை குளிரில் அவ்வளவு விறைக்காது, ஆனால் ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் ஓடிக்கொண்டே போகும். மூன்றாவது, உள்ளே கட்டம் கட்டமாக இழை வைத்த பாலித்தீன். பெரும்பாலும் பச்சைக் கோடுகளோடு, சதுர மீட்டருக்கு 140 கிராம் அளவில் கிடைக்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும் என்றாலும் கிழிசல் அடுத்த இழையிலேயே நின்றுவிடும். குளிர்காலம் முழுவதும் வெளியே நிற்கப்போகும் குடிலுக்கு இதையே எடுங்கள்.

எந்த வகையானாலும் புற ஊதாக் கதிர் தாங்கும்படி பதப்படுத்தியது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். பதப்படுத்தாத பாலித்தீன் வெயிலில் ஓராண்டுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கும். பழைய சட்டத்துக்குத் தனியாகத் தாள் வாங்கிப் போர்த்துவதானால் 200 மைக்ரான் தடிமனில், பசுமைக்குடிலுக்கென்றே செய்த தாளாக வாங்குங்கள். கட்டட வேலைக்கு விற்கும் தாள் பார்வைக்கு அப்படியே இருக்கும், உழைக்காது.

சட்டக் குழாய்கள் 16 முதல் 19 மி.மீ. விட்டத்தில், மிக மெல்லிய தகட்டில் செய்யப்பட்டவை. அவற்றை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்கள்தான் இந்தக் குடிலின் பலவீனமான உறுப்பு. பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, கீறல் இருந்தால் அப்போதே மாற்றிக் கேளுங்கள். உறை போர்த்திய பிறகு அந்தக் கீறல் கண்ணில் படாது.

இடம்

குளிர்காலத்துச் சூரியன் தாழ்வாக நகரும். கோடையில் நாள் முழுதும் வெயில் விழுந்த இடம் அப்போது சுவர் நிழலில் கிடக்கலாம். நடுப்பகலில் சூரியன் இருக்கும் திசை திறந்திருக்க வேண்டும்: வடக்கு அரைக்கோளத்தில் தெற்கு, தெற்கு அரைக்கோளத்தில் வடக்கு. குடிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் குளிர்காலத்து வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

மரத்தடி வேண்டாம். நிழல் ஒரு காரணம். உதிரும் கிளையும் பிசினும் அதைவிடப் பெரிய காரணங்கள். சரிவின் அடிப்பகுதியும் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அங்கே உறைபனி முதலில் வந்து கடைசியில் போகும்.

காற்றுத்தடுப்புக்குக் கெட்டியான சுவர் நல்லது என்று தோன்றும். ஆனால் சுவரைத் தாண்டும் காற்று மறுபுறம் சுழன்று விழுந்து குடிலை அங்குமிங்கும் உலுக்கும். பாதியளவு காற்றை உள்ளே விடும் வேலியோ செடிவரிசையோ வேகத்தைக் குறைத்து அனுப்பும். அதன் பாதுகாப்பு வேலி உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை எட்டும். வேறு வழியின்றிச் சுவரோரம்தான் வைக்க வேண்டுமென்றால் சுவரிலேயே வளையம் அடித்துக் குடிலைக் கட்டிவிடுங்கள்.

அடித்தளம்

நேரடியாகப் புல்தரையில் நிறுத்தினால் மழைக்குப் பிறகு ஒரு கால் மண்ணில் இறங்கும். சட்டம் கோணும், ஜிப் ஏறாது. ஜிப் அறுந்துபோன குடில்களில் பலவற்றுக்கு மூலகாரணம் தரைதான்.

100 × 50 மி.மீ. அளவுள்ள, பூச்சி அரிக்காதபடி பதப்படுத்திய மரச்சட்டங்களால் ஒரு செவ்வகம் செய்யுங்கள். புல்லையும் மேல்மண்ணையும் 5 செ.மீ. அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, மரத்தை ரசமட்டம் பார்த்துப் பதியுங்கள். மூலை மட்டம் சரிபார்க்க இந்த அளவுக்கு ஒரு வசதி உண்டு. பக்கங்கள் 1.5 மீட்டரும் 2 மீட்டரும் என்றால் மூலைவிட்டம் மிகச்சரியாக 2.5 மீட்டர் வரவேண்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், ஒன்று 2.47, மற்றது 2.53 என்று வந்தால் சட்டம் கோணியிருக்கிறது. நீண்ட மூலையைத் தட்டி உள்ளே தள்ளி, இரண்டும் சமமாகும்வரை சரிசெய்யுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்தவர்கள் கடைசியில் கதவோடு மல்லுக்கட்டுவார்கள்.

செவ்வகத்துக்குள் முழுக்கக் கான்கிரீட் போட வேண்டாம். பகலில் சூடேறிய மண் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தை விடும், நீரும் வடியும். நடக்க நடுவில் இரண்டு கற்பலகை போதும். எலி வரும் இடமானால் மண்ணுக்கு மேல் சிறுகண் கம்பிவலை விரித்து, மரத்தோடு ஆணி அடித்துவிடுங்கள்.

சட்டம்

குழாய்களைக் கனெக்டரில் செருகும்போது முழு ஆழத்துக்கும் இறங்கியதா என்று ஒவ்வொரு முனையிலும் பாருங்கள். ரப்பர் சுத்தியலால் தட்டலாம். இரும்புச் சுத்தியல் பட்டால் கனெக்டர் பிளக்கும். அரைகுறையாகச் செருகிய முனை அன்றைக்கு நிற்கும், காற்றின் ஆட்டத்தில் நாள்பட நாள்பட வெளியே நழுவும்.

அதனால் செருகியதோடு விடக்கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் கனெக்டரையும் குழாயையும் சேர்த்து 4 மி.மீ. தகட்டுத் திருகு ஒன்றை இறக்குங்கள். முதலில் 3 மி.மீ. துளை போட்டுக்கொண்டால் பிளாஸ்டிக் பிளக்காது. திருகு உட்புறம் பார்த்து இருக்கட்டும். வெளிப்பக்கம் இருந்தால் திருகுத் தலை உறையைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். குடிலை அடிக்கடி பிரித்து மாட்டுகிறவர்கள் திருகுக்குப் பதில் கேபிள் டை போட்டு இறுக்கலாம்.

பெட்டியில் வரும் சட்டத்தில் குறுக்குத் தாங்கி பெரும்பாலும் இருப்பதில்லை. நான்கு பக்கமும் செவ்வகங்கள்தான். செவ்வகம் பக்கவாட்டில் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது. பின்சுவரிலும் இரண்டு நீளப்பக்கங்களிலும் மூலைக்கு மூலை ஒரு குழாயையோ இறுக்கமான கம்பியையோ கட்டிவிடுங்கள். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் சட்டத்தின் விறைப்பை இதைப்போல் கூட்டுவது வேறொன்றுமில்லை.

பிறகு, உறை படும் எல்லாக் குழாய்களின் வெளிமுகத்திலும் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டுங்கள். வெயிலில் இரும்புக் குழாய் நன்றாகச் சூடேறி, அதைத் தொட்டிருக்கும் பிளாஸ்டிக்கை மற்ற இடங்களுக்கு முன்பாகவே நொறுங்க வைக்கும். காற்றில் உரசுவதும் அதே கோட்டில்தான். ஃபோம் இரண்டையும் தடுக்கும். எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் பி.வி.சி. டேப்பைப் பாலித்தீன் உறையில் படும்படி ஒட்டாதீர்கள். பி.வி.சி. தொட்டிருக்கும் இடத்தில் பாலித்தீன் சீக்கிரம் கெடும். உள்ளே கந்தகப் பூச்சிமருந்து தெளிப்பதும் அதேபோல் உறையின் ஆயுளைக் குறைக்கும்.

உறை போர்த்துதல்

காற்றில்லாத, வெயிலடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். உறையை அரைமணி நேரம் வெயிலில் விரித்துவைத்தால் இளகி, மடிப்புத் தழும்பு போய், கைக்கு இணங்கும். இளகிய நிலையில் இழுத்துப் பிடித்த உறை குளிர்ந்ததும் சற்றுச் சுருங்கித் தானே விறைப்பாகும். குளிர்நாளில் போர்த்தினால் நேர்மாறு: வெயில் வந்ததும் தொளதொளவென்று தொங்கும், காற்றில் படபடக்கும்.

இருவர் இரண்டு பக்கமும் நின்று கூரை வழியாக உருட்டிப் போர்த்துங்கள். மாட்டும்போது ஜிப் இரண்டும் மூடியே இருக்கட்டும். திறந்துவைத்து மாட்டினால் கதவுப் பக்கம் அகன்றுபோய், பிறகு பற்கள் சேராது. உள்ளே இருக்கும் நாடாக்களை எல்லாம் சட்டத்தில் கட்டுங்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள்.

உறையின் அடியில் 20 முதல் 30 செ.மீ. பாவாடைபோல் தொங்கும் பகுதி இருக்கும். பலர் அதை உள்ளே மடித்து மேலே தொட்டியை வைத்துவிடுகிறார்கள். அது போதாது. மரச்சட்டத்தின் வெளிப்புறம் 15 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, பாவாடையை அதில் இறக்கி, மண்ணைப் போட்டு மிதித்து இறுக்குங்கள். அல்லது பாவாடையின் மேல் மெல்லிய மரப்பட்டியை வைத்து, மரச்சட்டத்தோடு 20 செ.மீ.க்கு ஒரு திருகு போடுங்கள். நோக்கம் ஒன்றே: அடியால் காற்று நுழையக்கூடாது. நுழைந்த காற்று குடிலைப் பலூன்போல் உப்பச் செய்து தூக்கும்.

காற்றுக்கு எதிராக

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 25 கிலோ எடையளவு அழுத்தம் தரும். நம் குடிலின் நீளப்பக்கம் 4 சதுர மீட்டர். ஆக, அந்தப் பக்கத்தை ஏறக்குறைய 100 கிலோ தள்ளுகிறது. தள்ளுவிசை நடு உயரத்தில் விழுகிறது என்று கொண்டால், காற்று வரும் பக்கத்துக் கால்களை ஏறத்தாழ 65 கிலோ மேல்நோக்கித் தூக்கும். கூரைமேல் ஏற்படும் உறிஞ்சல் இதற்கு மேல். குடிலின் சொந்த எடையோ 10, 15 கிலோதான். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். அதனால்தான் சாதாரண நாட்களில் ஒன்றும் ஆகாமல் நின்ற குடில் ஒரே ஒரு புயலில் அடுத்த தோட்டத்தில் கிடக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று புரியும். மூலைக்கு ஒரு 20 கிலோ மணல் மூட்டை என்றால், காற்றுப் பக்கத்தில் இருப்பது 40 கிலோ. போதாது. மூட்டை உதவிக்குத்தான், பிடிமானம் மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

நம்பகமான முறை இது. 12 மி.மீ. முறுக்குக் கம்பியை 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை 'ட' போல வளைத்துக்கொள்ளுங்கள். மரச்சட்டத்தில் நான்கு மூலைக்கருகிலும், நீளப்பக்கங்களின் நடுவிலும் துளை போட்டு, ஆறு கம்பிகளை மரத்தின் வழியாக மண்ணில் அடித்து இறக்குங்கள். அடுத்தடுத்த கம்பிகள் எதிரெதிர்த் திசையில் சற்றுச் சாய்ந்திருந்தால் எளிதில் பிடுங்கிக்கொள்ளாது. மணற்பாங்கான தளர்ந்த மண்ணில் 60 போதாது, 90 செ.மீ. வேண்டும், அல்லது திருகித் திருகி இறக்கும் சுருள் முளை வேண்டும். இப்போது மரம் தரையோடு சேர்ந்துவிட்டது. சட்டத்தின் அடிக்குழாயை இந்த மரத்தோடு உலோகக் கிளாம்ப் போட்டுத் திருகுங்கள், 40 செ.மீ.க்கு ஒன்று. இரண்டில் எதை விட்டாலும் பயனில்லை: தரையோடு சேர்ந்த மரம் அங்கேயே இருக்க, குடில் மட்டும் கிளம்பிவிடும்.

கயிறு இரண்டாவது காப்பு. பெட்டியில் வரும் கயிறு மெல்லியது, நனைந்தால் தொய்யும். 5 மி.மீ. பாலியஸ்டர் கயிறு நீளாது, வெயிலையும் தாங்கும், நைலான் இழுபடும். மேல் மூலைகளின் குழாயில், உறைக்கு உள்ளேயிருந்து கட்டி வெளியே கொண்டுவந்து, தரையோடு 45 பாகைச் சாய்வில் இழுத்துக் கட்டுங்கள். உறையில் உள்ள கண்ணிகளில் மட்டும் கட்டினால் கயிறு நிற்கும், உறை கிழிந்து வரும்.

கிழிசல்களில் பெரும்பாலானவை ஒரே அடியில் நேர்வதில்லை. இரவெல்லாம் படபடத்துப் படபடத்துத்தான் பிளாஸ்டிக் ஓய்ந்து கிழிகிறது. இதற்கு எளிய மருந்து, குடில் முழுவதையும் தோட்டத்து வலையால் மேலே போர்த்தி இறுக்கிக் கட்டுவது. வலை உறையைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளிச்ச இழப்பு மிகக் குறைவு. காற்று அதிகமுள்ள தோட்டமானால் இதைத் தவறவிடாதீர்கள்.

புயல் வரும் என்றால் கதவும் சன்னலும் முழுக்க மூடியிருக்க வேண்டும். காற்று போகட்டும் என்று திறந்துவைப்பது தவறு. ஒரு பக்கம் நுழையும் காற்று உள்ளழுத்தத்தைக் கூட்டும். ஜிப்பை மட்டும் நம்பாமல், கதவின் குறுக்கே இரண்டு பட்டை நாடா கட்டுங்கள். மிகக் கடுமையான புயல் என்றால் உறையைக் கழற்றிவிட்டுச் செடிகளை வீட்டுக்குள் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். வெறும் சட்டத்தைக் காற்று ஊடுருவிப் போய்விடும், ஒன்றும் ஆகாது.

நான்கு தட்டு அலமாரிபோல வரும் குறுகலான குடில்கள் இன்னும் எளிதில் கவிழும். கனமான தொட்டிகளைக் கீழ்த்தட்டிலும் நாற்றுத்தட்டுகளை மேலேயும் வையுங்கள். இரண்டு இடங்களில் சுவரோடு கட்டாமல் ஒருநாளும் விட வேண்டாம்.

ஈரம்

20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 பாகைக்கு வந்தால் 7 கிராம்கூடத் தாங்காது. பகலில் வெயிலில் சூடேறி ஈரமான குடில் இரவில் ஆறும்போது, காற்றிலிருந்து மட்டுமே ஏறத்தாழ 50, 60 மில்லி நீர் உறையின் உட்புறம் முத்துமுத்தாகப் படிகிறது. மண்ணிலிருந்து எழும் ஆவியைச் சேர்த்தால் இன்னும் அதிகம். அது விடியற்காலையில் இலைகளின்மேல் சொட்டும். குளிர், ஈரம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்த இடத்தில் சாம்பல் பூஞ்சாணம் வரும்: முதலில் வாடிய இலையில் ஒரு பழுப்புப் புள்ளி, பிறகு சாம்பல்நிறப் பஞ்சு, கடைசியில் தண்டே அழுகிச் சாயும்.

தடுப்பது கடினமில்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். உறைபனி இல்லாத நாட்களில் முற்பகலில் கதவைத் திறந்து, நடுப்பகல் தாண்டியதும் மூடுங்கள். வெளியே 5 பாகைதானே என்று மூடியே வைக்கக்கூடாது. தெளிந்த வெயில் விழுந்தால் உள்ளே 25 பாகைக்கு மேல் ஏறிவிடும். குளிர்காலத்தில் அந்தச் சூட்டில் துளிர்விடும் செடி அன்றிரவு உறைபனியில் கருகும். வெயில் சாய்வதற்கு முன் மூடினால் மிச்சச் சூடு உள்ளேயே தங்கும்.

தண்ணீரைக் காலையில், வேரடியில், மண் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். இலையில் ஊற்ற வேண்டாம். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கட்டும். உதிர்ந்த, பழுத்த இலைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். பூஞ்சாணம் அங்கேதான் குடியேறுகிறது. உறையைத் தொட்டுக்கொண்டு எந்த இலையும் இருக்கக்கூடாது. அந்த இலை இரவெல்லாம் நனைந்திருக்கும், உறைபனியிலும் அதுதான் முதலில் கருகும்.

குளிர்

ஒற்றைப் பாலித்தீன் உறை வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் மிகவும் மோசம். வெப்பக் கதிர்களை அது பெரும்பாலும் அப்படியே வெளியே விட்டுவிடும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் குடிலுக்குள் வெளியில் இருப்பதைவிட ஓரிரு பாகை குறைவாகக்கூட இருக்கலாம். எனவே, குடிலில்தானே வைத்திருக்கிறோம் என்று எதையும் நம்பி விட்டுவிடக் கூடாது. செடி உயரத்தில், நிழலான இடத்தில் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் வெப்பமானி ஒன்றை மாட்டி, தினமும் காலையில் பாருங்கள். ஒரு வாரத்தில் உங்கள் குடிலின் குணம் தெரிந்துவிடும்.

முதல் செலவு பபுள் ரேப்பாக இருக்கட்டும். பொட்டலம் கட்டும் சிறுகுமிழ் வகை வெயிலில் ஒரு பருவத்தில் உதிரும். தோட்டத்துக்கென்று வரும் பெருங்குமிழ் வகை பல பருவம் உழைக்கும், வெளிச்சத்தையும் அதிகம் விடும். சட்டக் குழாயின் உள்பக்கம் கிளிப் போட்டு மாட்டினால், உறைக்கும் இதற்கும் நடுவே குழாயின் தடிமனளவு, ஏறத்தாழ 2 செ.மீ. காற்றிடைவெளி தானாகவே கிடைக்கும். ஓரங்கள் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். கூரையை விட்டுவிட்டுச் சுவர்களுக்கு மட்டும் போடுவது வீண். சூடு மேலேதான் போகிறது. கதவுக்குத் தனித் திரையாக, இருபக்கமும் 10 செ.மீ. மிகையாகத் தொங்கவிடுங்கள். வெயில் வராத பக்கத்தில் 5 செ.மீ. தெர்மோகோல் பலகையையே பாதி உயரத்துக்கு நிறுத்தலாம், வெளிச்ச இழப்பு பெரிதாக இருக்காது.

ஹீட்டர் வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். நம் குடிலின் சுவரும் கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 17 சதுர மீட்டர். ஒற்றை உறையில் ஒவ்வொரு சதுர மீட்டரும், ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும், 6.8 வாட் இழக்கும். வெளியே மைனஸ் 4, உள்ளே 3 என்றால் வேறுபாடு 7 பாகை. பெருக்கினால் 809 வாட். பபுள் ரேப் போட்டால் 6.8 என்பது ஏறத்தாழ 4 ஆகும். தேவை 476 வாட்டாகக் குறையும். இதில் ஜிப் ஓரக் கசிவு சேரவில்லை, அதற்குக் கால்வாசி கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே 3 பாகைக்குப் பதில் 10 பாகை வேண்டுமென்றால் வேறுபாடு 14, செலவு சரியாக இரண்டு மடங்கு. உறைபனியைத் தவிர்ப்பதோடு நின்றுகொள்வதே இந்தக் குடிலுக்குப் பொருந்தும்.

மின் ஹீட்டர் என்றால் தெர்மோஸ்டாட் உள்ளதாக, நீர் தெறித்தாலும் தாங்கும்படி செய்ததாக இருக்க வேண்டும். இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு கட்டாயம். ஹீட்டரைக் கற்பலகையின்மேல், உறையிலிருந்தும் பபுள் ரேப்பிலிருந்தும் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். மண்ணெண்ணெய் ஹீட்டரை இவ்வளவு சிறிய குடிலுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எரியும் ஒவ்வொரு லிட்டர் மண்ணெண்ணெய்க்கும் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகவே தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஈரத்தோடு நடத்திய போராட்டமெல்லாம் வீண். கார்பன் மோனாக்சைடு அபாயமும் உண்டு. பூந்தொட்டியைக் கவிழ்த்து அடியில் மெழுகுவத்தி ஏற்றும் யோசனையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு சிறிய மெழுகுவத்தி 30 முதல் 40 வாட் மட்டுமே தரும். 476 வாட்டுக்கு ஒரு டஜனுக்கு மேல் வேண்டும், அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் கூண்டுக்குள் ஆளில்லாத இரவில் தீ வேண்டவே வேண்டாம்.

கறுப்புக் கேன்களில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் ஒரு முறை. 100 லிட்டர் நீர் 15 பாகையிலிருந்து 5 பாகைக்கு ஆறும்போது 1.16 யூனிட் வெப்பம் விடும். மேலே சொன்ன இரவுக்கு, 12 மணி நேரத்தில் தேவை 5.7 யூனிட். ஆக ஐந்தில் ஒரு பங்கு. லேசான உறைபனிக்கு உதவும், கடும் இரவைத் தனியாகச் சமாளிக்காது. ஆனால் அந்தக் கேன்களை மூலைகளில் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டினால் 100 கிலோ எடையும் கிடைக்கிறது, அதற்காகவே வைக்கலாம். உறைந்தால் நீர் 9 சதவீதம் விரியும் என்பதால் கழுத்துவரை நிரப்பாதீர்கள்.

செலவுக்கு அதிகப் பலன் தருவது குடிலுக்குள் இன்னொரு சிறு குடில். ஃபிளீஸ் எனப்படும் நெய்யாத வெள்ளைத் துணியை, சதுர மீட்டருக்கு 17 கிராம் வகையை, வளைத்த கம்பிகளின்மேல் செடிகளைத் தொடாதபடி போர்த்தினால் ஏறத்தாழ 2 பாகை காப்பு கிடைக்கும். கடும் இரவுக்கு இரண்டு மடிப்பு. காலையில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சமும் காற்றும் போதாமல் செடி வெளுக்கும். நாற்றுகள் மட்டும்தான் காக்க வேண்டியவை என்றால், குடில் முழுவதையும் சூடாக்குவதைவிட ஃபிளீஸுக்கு அடியில் நாற்றுத் தட்டுக்கான சூடேற்றும் பாய் ஒன்றைப் போடுவது எவ்வளவோ மேல்.

தொட்டிச் செடிகளுக்கு ஒரு கூடுதல் கவனம். தரையில் நட்ட செடியின் வேரை மண் காக்கும். தொட்டியில் வேரின் எல்லாப் பக்கமும் குளிர்தான். தொட்டிகளை நடுவில், மரப்பலகைமேல் வைத்து, சுற்றிச் சாக்கோ பபுள் ரேப்போ சுற்றுங்கள்.

பனிப்பொழிவு

கூரை 3 சதுர மீட்டர் என்று வையுங்கள். 10 செ.மீ. உயரத்துக்குப் படிந்த புதிய, உலர்ந்த பனி ஏறத்தாழ 30 கிலோ. அதே உயரம் ஈரப்பனி என்றால் 60 முதல் 120 கிலோ. 0.6 மி.மீ. தகட்டுக் குழாய் அதைத் தாங்காது. 5 செ.மீ. சேர்வதற்குள் மென்மையான துடைப்பத்தால் வெளியே தள்ளிவிடுங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி. ஒரு பக்கத்தை மட்டும் காலியாக்கினால் சட்டம் மறுபக்கம் சாயும். உள்ளேயிருந்து கையால் மெதுவாகத் தட்டினாலும் வழுக்கி விழும். மண்வெட்டி வேண்டாம், உறைந்து ஒட்டிக்கொண்ட பனியைச் சுரண்டவும் வேண்டாம்.

பனி அதிகம் விழும் இடங்களில் கூரை முகட்டின் அடியில் 50 × 50 மி.மீ. மரக்கால் ஒன்றை, மேலே குறுக்குக்கட்டை வைத்துத் துணி சுற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். அடியில் ஒரு கற்பலகை வைக்காவிட்டால் கால் மண்ணில் இறங்கி முட்டு தளர்ந்துவிடும்.

கிழிசலும் ஜிப்பும்

சிறு ஓட்டையைக் கண்ட அன்றே அடையுங்கள். சுற்றிலும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பசுமைக்குடில் ஒட்டுப்பட்டையைக் கிழிசலுக்கு அப்பால் 5 செ.மீ. நீளும்படி உள்ளும் புறமும் ஒட்டுங்கள். பட்டையின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரிந்து வராது. ஈரத்திலும் 5 பாகைக்குக் கீழான குளிரிலும் எந்த ஒட்டுப்பட்டையும் சரியாகப் பிடிக்காது, அதனால் முதல் உறைபனிக்கு முன்பே உறை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜிப் பற்களில் மாதம் ஒருமுறை மெழுகுவத்தியைத் தேயுங்கள். உறைந்த ஜிப்பை இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் வைத்தால் விடும். ஜிப் போன பிறகு உறையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. குழாயின் அளவுக்கேற்ற, வாய்பிளந்த பிளாஸ்டிக் கிளிப்புகளால் கதவோரத்தைச் சட்டத்தோடு கவ்விவிடலாம், இன்னும் இரண்டு பருவம் ஓடும்.

இலையுதிர் காலத்தில் வெதுவெதுப்பான நீரும் மென்சோப்பும் கொண்டு உறையின் இரு முகங்களையும் பஞ்சால் துடைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் கிடைப்பதே சொற்ப வெளிச்சம். பச்சைப்பாசி படிந்த உறை அதிலும் பங்கு கேட்கும். பபுள் ரேப்பை மாட்ட வேண்டியது இதற்குப் பிறகுதான். இரவு வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போவது நின்றதும் அதைக் கழற்றி, முழுக்கக் காயவிட்டு, மடிக்காமல் சுருட்டி, வெயில்படாத இடத்தில் வையுங்கள். எந்தத் துண்டு எந்தப் பக்கத்துக்கு என்று மார்க்கரால் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு மாட்ட அரைமணி நேரம் போதும்.